"வந்துட்டே இருக்கேன்" என்றால் எங்கே?

மயிலாப்பூரில் ஏழு மணி நாடகம். நடிகர்களை ஐந்தரைக்கு வரச் சொன்னால் பாதிப் பேர் ஆறேகாலுக்குத்தான் வந்தார்கள். "எப்போ வருவீங்க?" என்று கேட்டதுதான் கோளாறு. "வந்துட்டே இருக்கேன், பத்து நிமிஷம்" என்ற பதில் வீட்டுச் சோபாவிலிருந்தும் வரும், சபா வாசலிலிருந்தும் வரும்.

இப்போது ஒரே கேள்வி: "எந்த இடத்துல இருக்கீங்க சார்?" கிண்டி என்றால் மீதியை நாமே கணக்குப் போடலாம்.

ஒப்பனை அறைக் கதவில் கையெழுத்துத் தாள். 5.40க்குப் பார்த்து, கையெழுத்துப் போடாதவர்களுக்கு மட்டும் போன். அழைப்பது மேடை நிர்வாகி ஒருவரே. இயக்குநர், உடன் நடிப்பவர் என்று நாலு பேர் அடித்தால் லைன் பிஸியாகவே இருக்கும். பைக்கில் வருபவர் ஓரங்கட்டி எடுக்கவும் நேரம் வேண்டும். இரண்டு முறை எடுக்காவிட்டால் வீட்டு எண். வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டுக் கேட்டால் ரோஷம்தான் வரும், ஆள் வரமாட்டார்.

பிரிட்டிஷ் அரங்குகளில் திரை எழ 35 நிமிடம் இருக்கும்போதே 'ஹாஃப்' அழைப்பு. அதற்குள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். அதையே எடுத்துக்கொண்டோம்: 6.25 கெடு. தாண்டினால் மாற்று நடிகருக்கு அரிதாரம் தொடங்கிவிடும். இதைத் தாமதமாக வருபவருக்கும் போனிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத் திரைக்குப் பின்னால் சண்டை.

வந்ததும் திட்டு கிடையாது. உடுப்பு, புது பேட்டரி போட்ட மைக், முதல் காட்சி வசனத்தாள் மூன்றும் நாற்காலியில் தயாராக இருக்கும். விசாரணை மறுநாள்.