ஊர்ப்பெரியவர் ஒருவரின் வரலாற்றைத் தேடும் முறை

குளம் வெட்டியவர், சாவடி கட்டியவர், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவர் என்று ஒருவரைப் பற்றிய பேச்சு பல ஊர்களில் இன்றும் வழங்குகிறது. அதை வரலாறாக எழுத விரும்புவோர், முதியவர்களைத் தேடிப் போவதற்கு முன் ஊரிலுள்ள எழுத்துச் சான்றுகளைப் பார்த்துவிட வேண்டும். ஒரு பெயரும் ஓர் ஆண்டும் கையில் இருந்தால்தான் கேள்விகள் கூர்மைபெறும்.

முதலில் சுமைதாங்கிக் கல், கிணற்றுச் சுவர், குளத்து மடை, கோயில் வாசற்படி ஆகியவற்றில் ‘உபயம்’ என்ற சொல்லைத் தேடுங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுத்தால் எழுத்து எழும்பித் தெரியும்; சுண்ணக்கட்டியால் எழுத்தின் மேல் வரைவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் வரைபவர் யூகித்ததே பிறகு படிக்கப்படும்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. பலரும் தடுமாறுவது இங்கேதான். ‘தாது வருஷம் தை மாதம்’ என்றிருந்தால், அறுபது ஆண்டுக்கொரு முறை அப்பெயர் திரும்புவதால் அது 1816, 1876, 1936 ஆகிய மூன்றில் எதில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். தலைமுறைக் கணக்கையும், உடன் பொறித்த, இப்படித் திரும்பாமல் தொடர்ந்து எண்ணப்படும் சக அல்லது கலி ஆண்டையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். பெரும்பஞ்சம் தொடங்கிய 1876 என்று தெளிந்த பிறகும் வேலை முடியவில்லை. ஆண்டு சித்திரையில் பிறப்பதால், அந்தத் தை மாதம் 1877 ஜனவரியில்தான் வரும். தை, மாசி, பங்குனிக்கு ஒன்றைக் கூட்ட மறவாதீர்கள்.

பின்னர் ஆவணங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேடு என்ற நிலப் பதிவேடு இன்றைய நில விவரத்தைக் காட்டும். சத்திரம், தண்ணீர்ப்பந்தல் போன்ற பழைய மானியங்களுக்கு, மானிய நிலங்களை ஆராய 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. அக்குடும்பங்களின் பரணில் பழைய கணக்குகள் இருக்கின்றனவா என்று விசாரிப்பதும் நல்லது.

இவற்றுக்குப் பிறகே முதியவர்களிடம் செல்லுங்கள். ‘எந்த வருஷம்?’ என்று கேட்பதைவிட, ‘அவர் காலத்தில் கணக்குப்பிள்ளை யார், ஊருக்கு பஸ் வந்துவிட்டதா?’ என்று கேட்பது பயன் தரும்.

பின்சேர்க்கை: நெல்லை, குமரிப் பகுதி வாசகர்கள் சிலர் கல்லில் 1052 என்றிருப்பதாக எழுதியிருந்தனர். அது ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டு; ஜனவரி முதல் ஆடி முடியும் வரையுள்ள காலத்துக்கு 825-ஐயும், அதற்கு முந்திய ஆவணி முதல் டிசம்பர் வரைக்கு 824-ஐயும் கூட்டுக.