நாயின் பாதக் காயம்: கட்டுப் போட்ட பிறகு நேரும் தவறுகள்

நாயின் பாதத்தில் வெட்டுக்காயம் பட்டால், முதல் அரை மணி நேரம் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள்; கட்டுப் போட்டு முடித்து, இனிக் கவலையில்லை என்று நினைக்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. பாதத்தின் அடியிலுள்ள திண்டு, வெளியே தடித்த தோலும் உள்ளே கொழுப்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட மெத்தை போன்றது. நாய் காலை ஊன்றும்போதெல்லாம் அது அமுங்கி விரிந்து, ஒட்டத் தொடங்கிய காயத்தின் விளிம்புகளை மறுபடியும் பிரித்துவிடுவதால், உடலின் மற்ற இடங்களைவிட இங்கே புண் ஆற அதிக நாள் பிடிக்கிறது.

ரத்தம் கசியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திவிட்டு, நின்றுவிட்டதா என்று அரை நிமிடத்துக்கு ஒரு முறை துணியை எடுத்துப் பார்ப்பது, உறையத் தொடங்கிய ரத்தத்தைக் கலைக்கும் வேலை. குறைந்தது 5 நிமிடமாவது விடாமல் அழுத்த வேண்டும். 10, 15 நிமிடங்களுக்குப் பிறகும் நிற்காவிட்டால், அழுத்தியபடியே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஆழமாகக் குத்தி நிற்கும் கண்ணாடித் துண்டை வீட்டில் பிடுங்கக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் நுரைப்பதையும் எரிவதையும் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நம்புகிறோம். உண்மையில் அவை புதிதாக வளரும் திசுவையும் சேர்த்தே அழிக்கின்றன. வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரோ சலைன் கரைசலோ போதும்.

கட்டு விஷயத்தில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கழன்றுவிடக் கூடாதே என்ற அக்கறையில் இறுக்கிச் சுற்றப்படும் கட்டு, ரத்த ஓட்டத்தைத் தடுத்து, சிறிய காயத்தோடு போயிருக்க வேண்டிய நாய்க்கு விரலையே இழக்கும் நிலையை உண்டாக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் பல நேரங்களில் நடு விரல்கள் இரண்டின் நுனியை வெளியே தெரியும்படி விட்டுக் கட்டுகிறார்கள். காலையும் மாலையும் அந்த இரண்டு நகங்களைப் பாருங்கள்: முன்பு அடுத்தடுத்து இருந்தவை விலகி நின்றால், உள்ளே வீக்கம் என்று பொருள். விரல் நுனி சில்லென்றிருந்தாலும், கட்டிலிருந்து துர்நாற்றம் வந்தாலும், நாய் திடீரென்று கட்டையே விடாமல் கடித்தாலும் அன்றே அவிழ்த்துப் பார்க்கச் செய்ய வேண்டும். நாய்க்குப் பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. விரல்களுக்கிடையே பஞ்சு வைக்காமல் கட்டினால் அந்த ஈரத்திலேயே தோல் ஊறிப் புண்ணாகும். நனைந்த கட்டைத் தானாகக் காயட்டும் என்று விடுவதும், வெளியே போகும்போது மேலே மாட்டிய பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்த பின்னும் கழற்றாமல் இருப்பதும் இதே கேட்டைத்தான் விளைவிக்கும்.

நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்பது பழைய நம்பிக்கை. நாக்கின் சொரசொரப்பு புதுத்தோலை உரித்துவிடும். வாயிலுள்ள கிருமிகளும் புண்ணுக்குள் போகும். புண்ணை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பை மாட்டியதும் நாய் பார்க்கும் பரிதாபப் பார்வைக்கு இரங்கி ஒரு மணி நேரம் கழற்றி வைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் தையலைப் பிடுங்க அதற்கு அந்த ஒரு மணி நேரமே தாராளம்.

வலிக்காக மனிதர் மாத்திரையைக் கொடுப்பது இவற்றையெல்லாம் விட ஆபத்தானது. இபுப்ரோஃபென் நாயின் குடலில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். பாராசிட்டமால் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் பாதிக்கும். துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்பை நக்கினாலும் நஞ்சாகலாம்.

தையல் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்களில் பிரிக்கப்படும். அப்போது தெரியும் இளஞ்சிவப்புத் தோல் இன்னும் திண்டாகத் தடிக்கவில்லை என்பதால், மறுநாளே ஓடவிடாமல், சில நாட்கள் கயிற்றில் பிடித்துச் சமதரையில் சிறிது தூரம் மட்டும் நடத்த வேண்டும். காயம் மூடிய பின்னும் நொண்டல் தீரவில்லை என்றாலோ, விரலிடுக்கில் வீங்கி நீர் கசிந்தாலோ, புல் விதை போன்ற ஏதோ ஒன்று உள்ளே தங்கியிருக்கக்கூடும். அது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால், படம் நன்றாக வந்துவிட்டது என்று சமாதானமடையாமல் மறுபடியும் காட்ட வேண்டும்.