ஊர் மாறிய ஹாக்கி அணியின் பழைய ஜெர்சியைப் பார்த்து வாங்குவது எப்படி

2018 டிசம்பர் 23 அன்று, வட கரோலினாவின் ராலி நகரில், கரோலினா ஹரிக்கேன்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி பளிச்சென்ற பச்சை ஜெர்சியோடு ஐஸில் இறங்கியது. நெஞ்சில் இருந்தது புயல் சின்னம் இல்லை, 1997 வரை ஹார்ட்ஃபர்ட் நகரில் வேலர்ஸ் என்ற பெயரில் இருந்தபோது அந்த அணியே போட்டிருந்த திமிங்கில வால். கோல் விழும்போதெல்லாம் ஹார்ட்ஃபர்ட் அரங்கில் ஒலித்த அதே பழைய இசையைப் போட்டார்கள், பாஸ்டன் ப்ரூயின்ஸை 5-3 என்று ஜெயித்தார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் இருபத்தொரு வருடமாக என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) அணி இல்லாமல் இருக்கும் ஹார்ட்ஃபர்ட்டில் இதைப் பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்ற நினைப்பு.

அதற்கப்புறம் இந்தப் பழக்கம் பரவிவிட்டது. கொலராடோ அவலாஞ்ச் 2025-26 சீசனில், தான் முன்பு கியூபெக் நார்டிக்ஸாக இருந்தபோது போட்ட நீல ஜெர்சியையே எடுத்துப் போட்டது. டொராண்டோ பக்கம் ஐஸ் ஹாக்கி பார்க்கும் நம் ஆட்கள் சிலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பழைய ஜெர்சி அழகாக இருக்கிறது, எதை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் ஒரு முறை தப்பாக வாங்கியிருக்கிறேன், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். என்ஹெச்எல்லுக்குப் போட்டியாக நடந்த டபிள்யூஹெச்ஏ லீக் 1979-இல் முடிந்தபோது எட்மன்டன், கியூபெக், வினிபெக், ஹார்ட்ஃபர்ட் என்று நான்கு ஊர் அணிகள் என்ஹெச்எல்லில் சேர்ந்தன. அதில் எட்மன்டன் தவிர மற்ற மூன்றும் வரிசையாகப் போய்விட்டன: 1995-இல் கியூபெக் டென்வருக்கு (அதுதான் கொலராடோ அவலாஞ்ச்), 1996-இல் வினிபெக் ஃபீனிக்ஸுக்கு, 1997-இல் ஹார்ட்ஃபர்ட் வட கரோலினாவுக்கு. அதற்கு முன்பே, 1993-இல், மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் டாலஸுக்குப் போயிருந்தது. கனடிய ஊர்களில் டிக்கெட் காசு கனடிய டாலரில் வரும், ஆட்டக்காரர் சம்பளம் அமெரிக்க டாலரில் போகும். அந்த வருடங்களில் கனடிய டாலர் விழ விழ, சிறிய ஊர்களுக்கு மூச்சு முட்டியது.

அணி போகும்போது பெயர், சின்னம், சாதனைக் கணக்கு எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போய்விடும், ஊரில் மிஞ்சுவது மனிதர்களும் நிறமும்தான். மினசோட்டாவுக்கு 2000-இல் வைல்ட் என்று புது அணி வந்தது. 2020-21 சீசனில் எல்லா அணிகளும் 'ரிவர்ஸ் ரெட்ரோ' என்று பழையதைக் கலந்து ஜெர்சி போட்டபோது வைல்ட் அணி நார்த் ஸ்டார்ஸின் பச்சையும் மஞ்சளும் எடுத்துக்கொண்டது, ஆனால் நெஞ்சில் தன் சொந்தச் சின்னத்தைத்தான் வைத்தது. நார்த் ஸ்டார்ஸின் வரலாறு முழுக்க டாலஸோடு போய்விட்டதே. ஹார்ட்ஃபர்ட்டிலும் இதே கதைதான்: அங்கே 2017 முதல் ஆடும் யார்ட் கோட்ஸ் என்ற பேஸ்பால் அணி வேலர்ஸின் பச்சையையும் நீலத்தையும் உடுத்திக்கொண்டு பழைய ஹாக்கி ஆட்டக்காரர்களை அழைத்து விழா எடுக்கிறது. வால் சின்னம் ராலியில், நிறம் இன்னும் ஊரில்.

ஆகவே கடையில் தொங்கும் ஜெர்சி எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பழையதை அப்படியே திரும்பக் கொண்டுவந்தது ஒரு வகை, 2018 வேலர்ஸ் மாதிரி. பழைய வடிவத்தில் புது அணியின் நிறத்தை ஊற்றியது இன்னொரு வகை: 2020-21-இல் அவலாஞ்ச் போட்டது நார்டிக்ஸ் வடிவம்தான், நிறம் மட்டும் அவலாஞ்சின் கருஞ்சிவப்பு, ஹரிக்கேன்ஸ் அதே சீசனில் வேலர்ஸை சாம்பல் நிறத்தில் போட்டது. ஆளைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அந்த நிறத்தில் கியூபெக்கிலோ ஹார்ட்ஃபர்ட்டிலோ யாரும் ஆடியதே இல்லை. பழைய ஊருக்காக வாங்குகிறேன் என்றால் இந்த இரண்டாம் வகையை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மூன்றாவதாக, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒன்று உண்டு. கால்கரி ஃபிளேம்ஸ் 1980-க்கு முன் அட்லாண்டாவில் இருந்தது. கால்கரியின் மாற்றுக் கேப்டன்கள் நெஞ்சில் போடும் 'ஏ' எழுத்தைப் பாருங்கள், சாதாரண எழுத்து இல்லை, தீப்பிடித்து எரியும் ஏ. அதுதான் அட்லாண்டா அணியின் பழைய சின்னம். எனக்கு இருப்பதிலேயே மிகவும் பிடித்த மரியாதை இதுதான், சத்தமே இல்லாமல் ஒவ்வொரு ஆட்டத்திலும் பழைய ஊர் கூடவே வருகிறது.

வினிபெக் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. 2011-இல் அட்லாண்டா த்ராஷர்ஸ் வினிபெக்குக்கு வந்து ஜெட்ஸ் என்ற பழைய பெயரை வைத்துக்கொண்டது, ஆனால் இது வேறு அணி. பழைய ஜெட்ஸின் கணக்கு ஃபீனிக்ஸ் போனது, அப்புறம் 2024-இல் அங்கிருந்த ஆட்டக்காரர்கள் யூட்டாவுக்குப் போனபோது அந்த வரலாறு கூடவே போகவில்லை, யூட்டா புது அணியாகத்தான் எண்ணப்படுகிறது. 1992-93-இல் டீமு செலானே முதல் சீசனிலேயே 76 கோல் அடித்தார், இன்றுவரை எந்தப் புதுமுகமும் அதைத் தாண்டவில்லை. அதை அடித்த ஊரில் இன்று ஜெட்ஸ் இருக்கிறது, ஆனால் அதன் ஏட்டில் அந்த 76 இல்லை. செலானே 13 வாங்குகிறீர்கள் என்றால் விமானமும் மேப்பிள் இலையும் வட்டத்துக்குள் இருக்கும் இன்றைய சின்னத்தில் வாங்காதீர்கள், அது அவர் போடாத ஜெர்சி.

இனி காலம். இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். ஒரே ஊர் அணி பல தடவை ஜெர்சி மாற்றியிருக்கும், ஆட்டக்காரர்களும் வந்து போயிருப்பார்கள், இரண்டும் பொருந்த வேண்டும். ஹார்ட்ஃபர்ட்டில் ஆடிய ரான் ஃபிரான்சிஸ் மேல் எனக்குப் பெரிய மரியாதை. இணையத்தில் ஒரு கடையில் வேலர்ஸ் கருநீல ஜெர்சி, ஃபிரான்சிஸ் 10 என்று பார்த்ததும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். ஒரு ஆட்டத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனபோது பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர், ஹார்ட்ஃபர்ட் பக்கம் வளர்ந்தவராம், முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார், ஃபிரான்சிஸ் இந்த ஜெர்சியைப் போட்டதே இல்லை என்று. அவர் சொன்னது சரி. ஃபிரான்சிஸை 1991 மார்ச்சில் பிட்ஸ்பர்க்குக்கு மாற்றிவிட்டார்கள், கருநீலம் வந்ததோ 1992-இல். பெரியவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஃபிரான்சிஸை இழந்த நாள் இன்னும் ஆறவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது, நான் போட்டிருந்த ஜெர்சி அந்த நாளே நடக்காத மாதிரி காட்டிக்கொண்டிருந்தது.

அதனால் பெயரும் எண்ணும் போடும் முன் வருடத்தைச் சரிபாருங்கள். வேலர்ஸ் பச்சையில் ஃபிரான்சிஸ் 10 சரி. கருநீலத்தில் கிறிஸ் ப்ராங்கர் 44, பிரெண்டன் ஷானஹன் 94 சரி. நார்டிக்ஸில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி 26 தாராளமாகப் போடலாம், 1980-இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தம்பியோடு தப்பி வந்து கியூபெக்கில் ஆடியவர். ஜோ சாக்கிக்குப் பொதுவாக 19, ஆனால் 1988-89 முதல் சீசனில் மட்டும் அவர் போட்டது 88. பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் 21 நார்டிக்ஸில் ஒரே ஒரு சீசன், 1994-95, அதுவும் அணி முதலாளிகளின் கதவடைப்பால் 48 ஆட்டமாகச் சுருங்கிய சீசன். மைக் மொடானோ 9 நார்த் ஸ்டார்ஸ் பச்சையில் சரியே. ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: நார்டிக்ஸ் ஜெர்சியில் பேட்ரிக் ராய் 33. அவர் அவலாஞ்சுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்தான், ஆனால் 1995 டிசம்பர் வரை மான்ட்ரியலின் கோல்கீப்பர், நார்டிக்ஸின் பரம எதிரி. கியூபெக் நகரத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பார்ப்பவர் மனம் கஷ்டப்படும்.

இன்றைய ஆட்டக்காரர் பெயர் போடலாமா என்றால், அந்த ஜெர்சியோடு அவர் ஆடியிருந்தால் போடலாம். வேலர்ஸ் பச்சையில் செபாஸ்டியன் ஆஹோ 20 பொய் இல்லை, ராலி ரசிகருக்கு அதுவும் சொந்தக் கதைதான்.

எண்களைப் பற்றி இன்னொன்று, இது எனக்கு உறுத்தலான விஷயம். கியூபெக்கில் ஜே. சி. ட்ரெம்ப்ளேயின் 3, மார்க் டார்டிஃபின் 8, மிஷெல் கூலேயின் 16, ஸ்டாஸ்ட்னியின் 26 ஆகிய நான்கையும் இனி யாரும் போடக் கூடாது என்று அரங்கக் கூரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். டென்வர் போனதும் அந்த நான்கும் மறுபடி புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஹார்ட்ஃபர்ட்டில் ரிக் லேயின் 2-ஐ அப்படித்தான் ஏற்றினார்கள். ராலியில் இன்று தொங்கும் 2 க்ளென் வெஸ்லியுடையது. ஜெர்சியைத் திரும்ப எடுக்கிற அணி அந்த எண்களையும் திரும்ப ஏற்ற வேண்டும் என்பது என் எண்ணம், துணியை மட்டும் எடுத்துக்கொள்வது பாதி வேலை. நீங்கள் வாங்கும்போது எந்த எண் போடுவது என்று முடிவு வரவில்லையா, இந்தப் பழைய எண்களில் ஒன்றைப் போடுங்கள்.

வீட்டு ஜெர்சியா வெளியூர் ஜெர்சியா என்பதும் கவனிக்க வேண்டியது. அந்தக் காலத்தில் சொந்த ஊரில் வெள்ளை போடுவார்கள், 2003-இல்தான் அது தலைகீழாக மாறியது. ஆக ஹார்ட்ஃபர்ட் மக்கள் தங்கள் அரங்கில் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் வெள்ளை ஜெர்சி, பச்சை டிவியில் வெளியூர் ஆட்டத்தில் பார்த்தது. இன்று எல்லாரும் பச்சையைத்தான் தேடுகிறார்கள். ஊர்க்காரர் நினைவில் இருப்பது வேண்டும் என்றால் வெள்ளையையும் பாருங்கள், விலையும் சில சமயம் இறங்கி இருக்கும்.

சரி, கையில் எடுத்தாகிவிட்டது. வேலர்ஸ் என்றால் சின்னத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீட்டர் குட் 1979-இல் வரைந்தது. மேலே வால், கீழே 'டபிள்யூ', இரண்டுக்கும் நடுவில் விட்ட இடைவெளியே ஹார்ட்ஃபர்ட்டின் 'ஹெச்'. அந்த ஹெச்சை யாரும் வரையவில்லை, மற்ற இரண்டும் ஒதுங்கிக் கொடுத்த இடம் அது. மட்டமான நகலில் கெடுவது இந்த இடம்தான்: வால் தடித்துப் போகும், ஹெச் ஒரு பக்கம் ஒல்லியாகிவிடும். நார்டிக்ஸ் என்றால் தோளையும் கீழ் ஓரத்தையும் பாருங்கள், கியூபெக் கொடியில் இருக்கும் அதே லில்லிப் பூ. இதழ்களின் நுனி கூர்மையாக இருக்க வேண்டும், அச்சடித்து மழுங்கியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எண்ணும் பெயரும் தைத்ததா ஒட்டியதா என்று உள்பக்கம் திருப்பித் தையல் ஓட்டத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். முதுகின் உள்ளே ஒரு பட்டை தொங்கும், சண்டையில் எதிராளி ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்துவிடாமல் கால்சட்டையோடு கட்டுவதற்கு; ஆட்டக்காரர் தரத்து ஜெர்சி என்று சொல்லி விற்பவரிடம் அந்தப் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். லேபிளையும் விடாதீர்கள்: 2017 முதல் 2024 வரை அணிகளுக்குத் தைத்தது அடிடாஸ், அதற்கப்புறம் ஃபனாடிக்ஸ். 2018-இல் களத்தில் போட்டது என்று விற்பவரின் ஜெர்சியில் ஃபனாடிக்ஸ் லேபிள் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அளவு பெரிய தலைவலி இல்லை. அடிடாஸ் ஜெர்சிகளில் 46, 50, 52 என்று எண் இருக்கும், தோள் கவசத்துக்கு இடம் விட்டுத் தைத்தது என்பதால் அகலமாகத்தான் விழும், உள்ளே ஸ்வெட்டர் போடுவதாக இருந்தால் மட்டும் ஒரு அளவு கூட்டுங்கள். துவைக்கும்போது உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த தண்ணீர், நிழலில் கொடி. அயர்ன் வேண்டவே வேண்டாம்.

தப்பான ஃபிரான்சிஸ் ஜெர்சியை நான் தூக்கிப் போடவில்லை. கெவின் டினீன் என்று ஒருவர், எண் 11, பச்சையிலும் ஆடினார், வேறு ஊர் போய்த் திரும்பி வந்து கருநீலத்திலும் ஆடினார், 1997 ஏப்ரல் 13 அன்று ஹார்ட்ஃபர்ட் அணியின் கடைசி கோலை அடித்தவரும் அவரே, கடைசிக் கேப்டனும் அவரே. பெயரை மாற்றி, பத்தைப் பதினொன்றாக்கினால் போதுமே என்று தையல்காரரிடம் கொடுத்தேன். பூஜ்யத்தை மட்டும் எடுத்தால் ஒன்று ஓரமாக நிற்கிறது என்று சொல்லி அவர் இரண்டு ஒன்றையும் பிரித்து நடுவில் வைத்துத் தைத்தார், கைகளிலும் அப்படியே, அப்புறம் நெஞ்சில் ஒரு 'சி'. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பூஜ்யம் இருந்த இடத்தில் துணி இன்னும் கொஞ்சம் கருமையாகத் தெரிகிறது.