கிராம சபைக் கையெழுத்தை எண்ணாதீர்கள்: ஊராட்சி ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

சென்ற மாதம் ஒரு முனைவர் பட்ட மாணவி தன் அட்டவணையைக் காட்டினார். நாற்பது ஊராட்சிகள், கிராம சபை வருகை வரிசையாக: 104, 102, 107, 103. எனக்கு வயிறு எரிந்தது. நான் ஆரம்பத்தில் போட்ட அதே அட்டவணை. மாதிரி அளவு, மேற்கோள் முறையெல்லாம் நெறியாளரே சொல்லித் தருவார். களத்தில் நாம் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பதிவேட்டை வருகை என்று நம்புவது

தமிழ்நாட்டில் கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு உண்டு; கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. 104-ம் 102-ம் எங்கிருந்து வருகின்றன என்று இப்போது புரியும்.

ஓர் ஊராட்சியில் மூன்று வருடத் தீர்மானப் புத்தகங்களைப் படம் பிடித்து, எட்டு மாதம் உட்கார்ந்து எண்ணினேன். ‘மக்கள் பங்கேற்பு உயர்கிறது’ என்று ஓர் இயலே எழுதிவிட்டேன். பிறகு ஒரு மே 1 அன்று அங்கே போனேன். வேப்பமரத்தடியில் முப்பத்தொரு பேர். இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தில் 106 கையெழுத்து. பெயர்கள் நூறு நாள் வேலைப் பட்டியலின் வரிசையிலேயே இருந்தன. வேலை நடந்த கண்மாய்க் கரைக்கே புத்தகம் போய்வந்திருக்கிறது. “எதுக்குன்னு தெரியாது தம்பி, போடச் சொன்னாங்க, போட்டோம்” என்றார் ஓர் அக்கா. அந்த இயலைக் கிழித்தேன்.

இப்போது ஆய்வுகள் இணையதளத் தரவின் பக்கம் சாய்ந்துவிட்டன. 2020-ல் இ-கிராம் ஸ்வராஜ் என்ற மத்திய அரசின் ஊராட்சி இணையதளம் வந்தபின் திட்டம், செலவு எல்லாம் அறையிலிருந்தே எடுக்கலாம். ஆனால் அதில் ஏற்றுவதும் அதே ஊராட்சி அலுவலகம்தான். வருடத்துக்கு ஆறு கிராம சபை. இரண்டுக்காவது நேரில் போய்த் தலையை எண்ணுங்கள். எந்தத் தெருக்காரர் பேசினார், அது தீர்மானத்தில் ஏறியதா என்று குறியுங்கள்.

வங்காள முடிவை இங்கே ஒட்டுவது

பெண் தலைவர்கள் குடிநீருக்கு அதிகம் செலவிட்டதாகச் சட்டோபாத்யாய், டுஃப்லோ என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2004-ல் காட்டியது மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும். வங்கத்தில் பெண்களுக்கான தலைவர் பதவி ஒதுக்கீடு தேர்தலுக்குத் தேர்தல் வேறு ஊராட்சிக்கு மாறியது. இங்கே இரண்டு தேர்தலுக்கு ஒருமுறைதான் சுழற்சி. அதனால் அந்த முடிவை இங்கே அப்படியே ஒட்டாதீர்கள்.

2017-ல் ‘தலைவர்’ என்று எழுதுவது

அந்த வருடம் இங்கே ஊராட்சிகளில் தலைவரே இல்லை. தேர்தல் நடக்காததால் அரசு நியமித்த தனி அலுவலர்தான்.

காசோலையைக் கேட்காமல் வருவது

தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட்டால்தான் பணம் வரும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். அவர் கையெழுத்தை இழுத்தடித்தால் தலைவரால் பணத்தை எடுக்க முடியாது. பட்டியலினத் தலைவரைப் பேட்டி எடுக்கும்போது, கடைசியாக எந்தக் காசோலை எத்தனை நாள் காத்திருந்தது என்று கேளுங்கள்.