உப்பு பிஸ்கட்: மாவைக் கூட்டுங்கள், பிசையாதீர்கள்

டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் அடுக்கி வைத்திருப்பார்களே, வட்டமாக, வெளிர் நிறத்தில், மேலே நாலைந்து ஓட்டைகளோடு? அந்த உப்பு பிஸ்கட்டை வீட்டில் செய்வது முறுக்கு சுடுவதைவிடச் சுலபம். முட்டை வேண்டாம், அடித்துக் கலக்கும் பீட்டர் மெஷின் வேண்டாம், எசன்ஸ் வேண்டாம். ஓவன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்பா பேக்கரியில் மாஸ்டராக இருந்தவர். எங்கள் வீட்டில் பிஸ்கட்டுக்கு ஒரே கணக்குதான்: மாவில் பாதி கொழுப்பு. பேக்கரியில் வனஸ்பதி போடுவார்கள். விலை குறைவு, வெயிலிலும் சட்டென்று உருகாது. வீட்டுக்கு வெண்ணெயே போதும். மணமும் வேறு ரகம்.

200 கிராம் மைதா, 100 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 40 கிராம் பொடித்த சர்க்கரை, முக்கால் டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், தேவைப்பட்டால் ஒன்றிரண்டு ஸ்பூன் பால். ஆவின் பூத்தில் சமையல் வெண்ணெய் என்று கேட்டால் உப்பில்லாதது கிடைக்கும். பிரெட்டில் தடவுகிற வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் உப்பைக் கால் ஸ்பூனாகக் குறைத்துவிடுங்கள். சர்க்கரையை மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். குருணையாக இருந்தால் சூட்டில் உருகி, பிஸ்கட் அகலமாகப் பரவிவிடும்.

வெண்ணெய் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பது முக்கியம். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளவென்று எண்ணெய் விடக் கூடாது. சித்திரை வெயிலில் பத்து நிமிடம் வெளியே வைத்தாலே போதும். மார்கழியில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அவசரத்துக்கு அடுப்பில் உருக்கிவிடாதீர்கள். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது, பிஸ்கட் கெட்டியாக வரும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் நிறம் வெளுக்கும் வரை குழையுங்கள். மைதா, உப்பு, பேக்கிங் பவுடர் மூன்றையும் சேர்த்துச் சலித்து அதில் கொட்டுங்கள். அப்புறம் விரல் நுனியால் மட்டும் கலக்க வேண்டும், உள்ளங்கை படக் கூடாது. புட்டு மாவு மாதிரி, பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்ததும் மாவை ஒன்றாகக் கூட்டி அழுத்துங்கள். சேராமல் உதிர்ந்தால் பாலை ஸ்பூன் ஸ்பூனாகத் தெளியுங்கள். வெண்ணெயிலேயே 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும் என்பதால் பெரும்பாலும் ஒரு ஸ்பூனுக்கு மேல் தேவைப்படாது.

“மாவைக் கூட்டு, பிசையாதே” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். மைதாவில் ஈரம் பட்டுப் பிசையப் பிசைய அதிலுள்ள புரதம் இழுவை பிடிக்கும். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும். பிஸ்கட்டுக்கு அதுதான் எதிரி. வாயில் வைத்ததும் கரைய வேண்டிய பிஸ்கட் கடிக்கவே முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

கூட்டிய மாவை மூடி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு இரண்டு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு நடுவே வைத்துச் சப்பாத்திக் கட்டையால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். மெல்லிதாகத் தேய்த்தால் ஓரம் கருகிவிடும். சின்ன டப்பா மூடியால் வெட்டி, முள்கரண்டியால் அடி வரைக்கும் குத்துங்கள். அந்த ஓட்டைகள் அழகுக்காக மட்டும் இல்லை. உள்ளே உண்டாகும் ஆவி அந்த வழியாக வெளியேறினால்தான் பிஸ்கட் பூரி போல உப்பாமல் தட்டையாக இருக்கும். இந்த அளவுக்கு 25லிருந்து 30 வரை வரும்.

ஓவன் என்றால் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடேற்றி, 170 டிகிரியில், நடுத்தட்டில் 15லிருந்து 18 நிமிடம். அடுப்பில் செய்வதானால் அடிகனமான பழைய அலுமினியப் பாத்திரத்தில் ஓர் அங்குலம் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் ஸ்டாண்ட் வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் காய விடுங்கள். தட்டில் நெய் தடவி, பிஸ்கட்டை இடைவெளி விட்டு அடுக்கி உள்ளே வைத்துவிட்டுத் தீயைக் குறையுங்கள். 20லிருந்து 25 நிமிடம் ஆகும். நல்ல குக்கரைக் காலியாகச் சூடாக்கிப் பாழாக்க வேண்டாம், பழைய பாத்திரமே சரி.

வெந்ததா என்று மேலே பார்த்தால் தெரியாது. அடுப்பில் சூடு கீழிருந்து வருவதால் மேல்பக்கம் கடைசிவரை வெளிறித்தான் இருக்கும். ஒரு பிஸ்கட்டைத் திருப்பி அடியைப் பாருங்கள். ஓரம் சுற்றி பொன்னிறம் வந்து, நடுவில் இன்னும் கொஞ்சம் வெளுப்பு தெரிந்தால் சரியான பதம், இறக்கிவிடுங்கள். அப்போது தொட்டால் மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று தோன்றும். திரும்ப உள்ளே வைக்காதீர்கள். கொழுப்பு ஆறி உறையும்போதுதான் மொறுமொறுப்பு வரும். தட்டிலேயே பத்து நிமிடம் விட்டு, பிறகு கம்பி ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள்.

ஓமமோ சீரகமோ ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். பெங்களூரு பேக்கரிகளில் விற்கிற காரா பிஸ்கட் மாதிரி வேண்டுமென்றால் பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டுப் போடுங்கள். கோதுமை மாவு பாதிக்குப் பாதி கலக்கலாம், பால் ஒரு ஸ்பூன் கூடும். முழுக்கக் கோதுமையில் செய்தால் அது வேறு பிஸ்கட். எனக்கு அதில் இந்த ருசி வருவதில்லை.

நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடினால் பத்து நாள் தாங்கும். மழைக்காலத்தில் நமத்துப்போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி எடுத்தால் போதும்.