முதுமையுறும் புரதங்களைக் கலம் திருத்தும் விதத்தை வகுப்பில் விளக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் கற்பிப்பவர் முதலில் கரும்பலகையில் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பல்பெப்தைட்டுச் சங்கிலியை வரைந்து, அதில் அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தை அடுத்துக் கிளைசின் அமையும் இடத்தை வட்டமிட வேண்டும். நொதியம் எதுவுமின்றித் தானாகவே நிகழும் சேதம் அங்கேதான் எளிதில் தொடங்குகிறது. அஸ்பராஜின் அமோனியாவை இழந்து சக்சினிமைட்டு வளையமாகிறது. அவ்வளையம் நீரால் உடையும்போது சிறுபங்கு அஸ்பார்ட்டிக் அமிலமாகவும் பெரும்பங்கு ஐசோஅஸ்பார்ட்டிக் அமிலமாகவும் மாறுகிறது. பின்னையது சங்கிலியின் முதுகில் ஒரு காபனைக் கூட்டுவதால் புரதத்தின் மடிப்பு குலையக்கூடும்.

அடுத்து, திருத்தத்தை ஒரு சுழற்சியாக அம்புக்குறியிட்டு வரைக. பிஐஎம்டி என்னும் நொதியம் ஐசோஅஸ்பார்ட்டிக் அமிலத்தில் மெதைல் கூட்டமொன்றை ஏற்ற, அது மீண்டும் வளையமாகி உடைகிறது. சுற்றுக்குச் சுற்று அஸ்பார்ட்டிக் அமிலத்தின் பங்கு உயர்கிறது. ஆயினும் இழந்த அஸ்பராஜின் திரும்புவதில்லை என்பதை மாணவருக்கு அழுத்திச் சொல்லுக. இது முழுமையான மீட்பு அன்று. எடுத்துக்காட்டுக்கு வெளியே தேட வேண்டியதில்லை: அடுத்த காலபோகத்துக்கெனச் சேமிக்கும் விதைநெல் முளைதிறனைக் காப்பதில் இந்நொதியத்துக்குப் பங்குண்டு.

ஒட்சியேற்றமடைந்த மெதியோனின் என்னும் அமினோ அமிலத்தைத் தாழ்த்தி மீட்கும் நொதியங்களை ஒரு வரியில் குறித்தாற் போதும். திருத்த இயலாத புரதங்களில் யுபிகுயிட்டின் என்னும் சிறுபுரதம் அடையாளமாகப் பொருத்தப்பட்டு, அவை புரோட்டியசோம் என்னும் புரதச் சிதைப்புத் தொகுதியில் சிதைக்கப்படுகின்றன. 2004ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசு இவ்வழியைக் கண்டறிந்தோருக்கே வழங்கப்பட்டது.