சாக்கப்சர் மாற்றும் முன் பார்க்க வேண்டிய செலவுக் கணக்கு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. அங்கே இறங்கும்போது பைக்கின் முன்பக்கம் அமுங்குகிறது, பின்பக்கம் அலைகிறது என்று தோன்றியவுடனேயே கேஸ் சாக்கப்சர் (ஆயிலோடு நைட்ரஜன் வாயுவும் அடைத்த அதிர்வுதாங்கி) வாங்கப் புறப்படுவோர் நம் பக்கத்தில் பலர். வாங்கும் முன், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓட என்ன செலவாகிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

பின் டயரின் விலை 2,400 ரூபாய், உழைப்பு 20,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 12 பைசா ஆகிறது. 450 ரூபாய் எஞ்சின் ஆயிலை 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் 15 பைசா. சாக்கப்சர் தளர்ந்து, சக்கரம் தரையில் ஒழுங்காகப் பதியாமல் டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்து 12,000 கிலோமீட்டரிலேயே கழிக்க நேர்ந்தால், அந்த 12 பைசா 20 பைசாவாகிவிடும். சஸ்பென்ஷனை, அதாவது குலுக்கலைத் தாங்கும் பாகங்களைக் கவனிப்பது ஆடம்பரமல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஆனால் எந்தப் பாகத்தில் குறை என்று தெரியாமல் செலவழிப்பது வீண்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வளைவில் பின்பக்கம் ஆடியதால் இரண்டு சாக்கப்சர்களையும் மாற்றினேன், ஆட்டம் நிற்கவில்லை. பிறகு கோபியில் ஒரு பட்டறைக்காரர் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. "ஸ்விங் ஆர்ம் புஷ் போயிருச்சுங்க. பழைய சாக்கப்சரே நல்லாத்தான் இருந்திருக்குமுங்க" என்றார். பின் சக்கரத்தைத் தாங்கும் அந்தக் கை சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள புஷ்ஷை மாற்றிய அன்றே ஆட்டம் நின்றது. முன்பக்கத்திலும் இதுபோல, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அதைத் தாங்கும் இரட்டைக் குழாயான போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் முதலில் ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது போர்க் ஆயில். போர்க் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஐந்தாறு முறை அமுக்குங்கள். குழாயில் எண்ணெய் வளையம் படிந்தால் ஆயில் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த எண்ணெய் டிஸ்க் பேடில் இறங்கினால் பிரேக்கே பிடிக்காது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சீல் மாற்றும்போது வண்டியின் கையேட்டில் உள்ள தரத்தில், உள்ள அளவில், போர்க்கின் இரண்டு குழாயிலும் சமமாகப் புதிய ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றினால் அமுங்கும் வேகம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மிகக் கெட்டியாக இருந்தால் வேகத்தடையின் ஒவ்வொரு அதிர்வும் மணிக்கட்டுக்கு வந்துவிடும்.

பின் சாக்கப்சரின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் படிகளை மாற்றுவதற்குச் செலவே இல்லை. சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பின் வண்டியை இறக்கி, நீங்கள் வழக்கமான பாரத்தோடு உட்கார்ந்திருக்க, வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசம், சக்கரம் மொத்தமாக நகரக்கூடிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம்: 120 மில்லிமீட்டர் நகரும் வண்டியில் 36 முதல் 40. படியைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. இரண்டு 20 லிட்டர் கேன்களில் பால் கொண்டுபோகிறவருக்குப் பாலின் எடை மட்டும் 41 கிலோ. அவர் போகும்போது படியைக் கூட்டி, காலிக் கேனோடு திரும்பும்போது குறைத்துக்கொள்வது நல்லது.

கடைசிப் படியிலும் வண்டி அதிகமாக அமுங்கினாலோ, இருக்கையை அழுத்தி விட்டால் இரண்டு மூன்று முறை குதித்த பிறகே நின்றாலோ, சாக்கப்சரின் தண்டில் எண்ணெய் கசிந்தாலோ, புதிய சாக்கப்சர் வாங்குவது நியாயமான செலவு. கேஸ் சாக்கப்சரில் அழுத்தமாக அடைத்த நைட்ரஜன், தொடர்ந்து வேலை செய்து சூடான ஆயில் நுரைக்காமல் காக்கிறது. ஆகவே மலைப்பாதையிலும் கரடுமுரடான தோட்டத்துத் தடத்திலும் தினமும் ஓட்டுபவருக்கே அதன் பயன் தெரியும். உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங் கேளுங்கள். கண்ணுக்குக் கண் நீளம், அதாவது மாட்டும் இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம், பழையதோடு ஒத்திருக்க வேண்டும், நீளம் கூடினால் வண்டி வளைந்து திரும்பும் குணமே மாறிவிடும். இரட்டைச் சாக்கப்சர் வண்டியில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மாட்டிய பின் செயின் தொய்வையும் ஹெட்லைட் விழும் உயரத்தையும் சரிபார்த்து, 500 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.